பாதிக் குடக்கூலி

அண்டா வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நேராகக் கொண்டுவந்தார்கள், நிலையில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், காது மாட்டிக்கொண்டது. கடைசியில் படுக்கப்போட்டு உருட்டினார்கள். பித்தளை கருங்கல் படியில் உரசிய சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது.

"பைய உருட்டுங்க, பைய! ஒரு நெளிசல் விழுந்துச்சு, எங்கப்பா சுடுகாட்டுலருந்து எந்திச்சு வந்துருவாவ" என்று பின்னால் நின்று கத்தினாள் கோமதி மைனி. எங்கள் எதிர்வீட்டுக்காரி; உறவில்லை, அண்ணி முறை வைத்து மைனி என்பேன். அண்டா அவள் கல்யாணச் சீர்.

நான் மூலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாம் மாதம். அண்டாவுக்கு முன்பே கைவைத்த நாற்காலி ஒன்று வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றை ஆணியடித்து மாட்டியாகிவிட்டது. செம்புக் குடங்கள் வரிசையாக நின்றன. ஒரு வெள்ளித் தம்ளர்கூட வந்திருந்தது. எல்லாம் இரவல். எங்களுடையது என்று அந்த அறையில் இருந்தவை ஒரு பாயும் ஒரு தகரப் பெட்டியும்தான். அவை இரண்டையும் அடுப்படிக்குள் தள்ளி மறைத்துவிட்டார்கள்.

"ஏழைப்பட்ட வீடான்னு பாக்கத்தான மைனி அந்த ஐயா வாராரு? அவருக்கு எதுக்கு அண்டா?" என்று கேட்டேன்.

"போட்டி அங்கிட்டு! பெரிய எடத்து ஆளு வீட்டுக்குள்ள வரும்போது வெறுந்தரையையா காட்டுவாவ?" என்றாள்.

மூலையில் நிற்க முடியவில்லை எனக்கு. நடந்துகொண்டே இருந்தேன். அடுப்படிக்கும் வாசலுக்குமாக.

இருப்புக் கொள்ளாதவள்

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகி ஒருவர், "அம்மா, வாரத்துக்கு ஒரு வீடு மாறுகிறீர்களே, எழுத்தில்கூட ஓரிடத்தில் உட்கார மாட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மகனும் அதையேதான் கேட்கிறான். இந்த வயதிலும் நான் ஒரு நாள் கூடத்தில் படுப்பேன், மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன். கால் ஓரிடத்தில் நிற்காது. பழகிப்போய்விட்டது.

கல்யாணமாகி நாலு வருஷத்துக்குள் ஐந்து வீடு பார்த்தவள் நான். முதல் வீடு வண்ணாரப்பேட்டையில், ஆற்றோரம். ஐப்பசியில் ஆறு அடுப்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது வீட்டின் சொந்தக்காரர் தம் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார், நாங்கள் வெளியேறினோம். எண்ணெய்ச் செக்கு வீட்டுக் கதையைத்தான் போன வாரம் எழுதினேன். புண்ணாக்கு வாடை சேலையை விட்டுப் போக ஒரு வருஷம் ஆயிற்று. சாமான் கட்டுவதில் என் வீட்டுக்காரர் அவ்வளவு கெட்டிக்காரராகிவிட்டார். அரை நாழிகையில் குடும்பத்தையே ஒரு சாக்குக்குள் போட்டுவிடுவார்.

அவர் பெயரை நான் இதுவரை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பெண்பிள்ளை நான். வாயால் சொல்லாததைக் கையால் எழுதவும் வரவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; கோயிலில் குருவானவர் கல்யாண ஓலையில் எழுதினார், அது போதும். அவர் ஒரு சர்க்கார் கச்சேரியில், அதாவது ஆபீசில், சேவகர். சிவப்புப் பட்டையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு, மேல் அதிகாரிகளுக்குக் குடை பிடிப்பதும் காகிதக் கட்டுத் தூக்குவதும் வேலை. எந்தக் கச்சேரி என்றும் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊருக்குள் இருக்கிறார்கள்.

ஐந்து வீடு என்றேனே, அந்தக் கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நடுவில் கொஞ்ச காலம் வீடே கிடைக்காமல் சீவலப்பேரியில் என் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். வயற்காட்டு நடுவில் வீடு. என் முதல் பிள்ளைக்கு வலி கண்டது அங்கேதான். இரண்டு நாளாகியும் பிறக்கவில்லை. பேறு பார்க்க வந்த கிழவி, "எனக்குப் பயமாருக்கு, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருங்க" என்று கையை விட்டுவிட்டாள். வண்டி கட்டினார்கள். மழை. பாதி வழியில், வைக்கோலுக்கு மேலே விரித்த சமுக்காளத்தில், பிள்ளை பிறந்தது. பெண். அது அழவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். மாட்டின் கழுத்து மணிதான் கேட்டது.

பாளையங்கோட்டையில் என்னைப் பார்த்த நர்ஸம்மா கோபக்காரி. கோபத்திலேயே அழுதாள். "அடுத்த தடவை எட்டாம் மாசத்துலருந்து எனக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கணும். கேட்டியா? வண்டி ஏறக் கூடாது" என்றாள்.

இரண்டாம் பிள்ளை வயிற்றில் வந்ததும் நாங்கள் பாளையங்கோட்டையில் தேடிப் பிடித்தது இந்த வளவுதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே முற்றம், அதைச் சுற்றி ஓர் அறையும் அடுப்படியுமாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அதைத்தான் எங்கள் ஊரில் வளவு என்போம். நர்ஸம்மா வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

அந்த இரண்டு தெருவை விட்டுப் போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செர்மன்காரனும் எங்கள் ஓடும்

அது சண்டைக் காலம். வருஷம் கேட்காதீர்கள், பத்திரிகை ஆசிரியரும் கேட்டுக் களைத்துவிட்டார். மண்ணெண்ணெய் கிடைக்காமல் விளக்கெண்ணெயில் திரி போட்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது விலை ஏறினாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்.

வளவுக்குச் சொந்தக்காரர் ஒரு ஜவுளி அண்ணாச்சி. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். குடக்கூலி, அதாவது வீட்டு வாடகை, வாங்க மாதம் ஒருமுறை வந்து முற்றத்தில் நின்று தொண்டையைக் கனைப்பார். நல்ல மனுஷர்தான். கனைப்புதான் கெட்டது.

"வார மாசத்துலருந்து குடக்கூலி கூடும் தாயி. என்ன செய்யச் சொல்லுதிய? சண்டை நடக்குதுல்லா" என்றார் ஒரு நாள்.

"மழைக்கு ஒழுகுது அண்ணாச்சி, அதுக்கு ஒரு ஓடு மாத்தித் தரப்படாதா?" என்று கோமதி மைனி கேட்டாள்.

"ஓடும் வெலை ஏறிட்டும்மா."

செர்மன்காரனுக்கும் எங்கள் ஓட்டைக் கூரைக்கும் என்ன பகை என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அண்ணாச்சி கேட்ட தொகையை எங்களால் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாதவர்கள் மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். காலி செய்தால் சீவலப்பேரிதான். வண்டிதான். வைக்கோல்தான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கால் நிற்காத பழக்கம். சோறு பொங்குகிறபோதும் நடந்தேன். ஜெபம் பண்ணுகிறபோதும் நடந்தேன். "முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுளா" என்பார் என் வீட்டுக்காரர். ஆண்டவருக்கு நடக்கிறவள் குரல் கேட்காதா என்று கோபித்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் இவர் பட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"ஏளா, சர்க்கார்ல உதவி குடுக்காவளாம்! கொறஞ்ச சம்பளக்காரனுக்குக் குடக்கூலில பாதி சர்க்காரே குடுக்குதாம்!"

நான் நம்பவில்லை. வாங்கத் தெரிந்த சர்க்காரைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் சீவலப்பேரி வயலுக்குத் தீர்வை வாங்க வருவார்கள், கொடுக்க வந்து பார்த்ததில்லை. ஆனால் செய்தி மெய்தான். கோமதி மைனியின் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணனும் அதே கச்சேரிச் சேவகர். அவரும் அதையே சொன்னார். சண்டை முடிகிறவரைக்கும் அப்படியொரு ஏற்பாடாம். இரண்டு பேருமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. கச்சேரி ஐயா ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இல்லாதவர்கள்தானா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். எங்கள் வீட்டுக்கு முதலில், கோமதி மைனி வீட்டுக்கு அதற்கு அடுத்த வாரம்.

அன்றைக்கு ராத்திரி நான் அசையாமல் தூங்கினேன் என்று இவர் பிறகு சொல்லிச் சிரிப்பார்.

ஐயா வருகிறார்

இங்கேதான் எங்கள் ஜனங்களின் புத்தியை நீங்கள் பார்க்க வேண்டும்.

வறுமையைப் பார்க்க வருகிறார் ஒருவர். வறுமையைக் காட்டினால் உதவி கிடைக்கும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு இது. எங்கள் வளவில் ஒருவருக்கும் அது தலைக்குள் ஏறவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு ஐயா வருகிறார் என்பதுதான். பெண் பார்க்க வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். முற்றம் முழுக்கச் சாணி தெளித்தார்கள். யார் யார் வீட்டில் எது எது உசத்தியோ அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒருத்தி முறுக்கு சுட்டாள். ஒருத்தி, "வேதக்காரவுக வீடுல்லா, மேசை வேணும்" என்று எங்கிருந்தோ ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இவர் அந்த நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

"இந்த நாக்காலி நம்மதில்லன்னு அவர்ட்ட சொல்லுவியளா?" என்று கேட்டேன்.

"தெனமும் அவரு உக்காந்திருப்பாரு, நான் நின்னுக்கிட்டிருப்பேன். இன்னைக்கு எம் வீட்டுக்கு வாராரு. அவரத் தரையில உக்காரச் சொல்லவா?" என்றார்.

நானும் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். மனுஷர் முகம் அப்படி இருந்தது.

வந்தவர் உயரமான ஆள். திருச்சினாப்பள்ளிப் பக்கம். பெரிய தலைப்பாகை. வளவுக்குள் அவருக்குத் தலைப்பாகை ஐயா என்றே பெயராகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளித் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி குடித்தார். முறுக்கைக் கடித்தார். கண் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடிகாரம், குடங்கள், மேசை. அண்டாவிடம் வந்ததும் நின்றுவிட்டது.

"நல்ல கனமான அண்டா" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றார் இவர், கையைக் கட்டிக்கொண்டு, பெருமையாக.

"வசதியான குடும்பம்."

"எல்லாம் தங்கள் ஆசீர்வாதங்கய்யா."

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன். ஐயா போன பிறகு வளவே திரண்டு வந்து எப்படி, எப்படி என்று கேட்டது. "வசதியான குடும்பம்னு சொல்லிட்டாவ!" என்று கோமதி மைனி முற்றத்தில் நின்று ஊருக்கே அறிவித்தாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துக் கச்சேரியில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு உதவி கிடையாது. வசதி உள்ளவர்களாம்.

இவர் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பட்டையைக் கழற்றவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார். திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதை விட்டு, பட்டையை அவர் தோளிலிருந்து நானே கழற்றினேன்.

வெறும் வீடு

ஆனால் நான் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. உட்காரவே தெரியாதவள் உட்கார்ந்து எப்படி அழுவது?

மறுநாள் மத்தியானம் இவரிடம்கூடச் சொல்லாமல் புறப்பட்டேன். தலைப்பாகை ஐயா சாப்பாட்டுக்குக் கச்சேரியிலிருந்து எந்த வழியாக வீட்டுக்குப் போவார் என்று தெரியும். அந்த வழியில் வேப்பமரத்தடியில் போய் நின்றேன். மாசி வெயில். கால் வீங்கியிருந்தது. நின்ற இடத்திலேயே இந்தக் கால், அந்தக் கால் என்று மாற்றி மாற்றி நின்றேன். அவர் வந்ததும் கும்பிட்டேன்.

"ஐயா, நீங்க பாத்த சாமான் ஒண்ணும் எங்களுது இல்லய்யா. மரியாதைக்காக எரவல் வாங்கி வச்சது. இப்ப வந்து பாருங்கய்யா. இந்த நிமிஷமே வாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். இரக்கம் இல்லாதவர் அல்ல. வந்தார்.

வளவு அந்த நேரத்தில் அரைத் தூக்கத்தில் இருந்தது. என் வீட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். பாய். பெட்டி. அடுப்படியில் இரண்டு மண்சட்டி. சுவரில் வேத வசன அட்டை ஒன்று. கடிகாரம் மாட்டிய ஆணி மட்டும் அப்படியே இருந்தது.

இதோ கண்ணால் பார்த்துவிட்டார், இனிமேல் என்ன என்று நினைத்தேன். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

ஐயாவின் முகம் இறுகியது.

"எல்லாச் சாமானையும் எங்கேம்மா ஒளித்து வைத்தாய்?" என்று கேட்டார்.

இரவல் அண்டாவை நம்பியவர் வெறும் தரையை நம்ப மாட்டேன் என்கிறாரே!

"ஒளிக்கலய்யா. அவுகவுக சாமான அவுகவுக எடுத்துக்கிட்டாவ."

"யார் அந்த அவுக? இரவல் என்றால் சொந்தக்காரர் இருக்க வேண்டுமே. அந்த அண்டா யாருடையது? அவ்வளவு பெரிய பாத்திரத்தில் பேர் வெட்டாமல் இருக்க மாட்டார்கள். கொண்டுவந்து காட்டு. உன் பேர் இல்லையென்றால் இப்போதே மாற்றி எழுதுகிறேன்."

பேர் வெட்டித்தான் இருந்தது. சீர்ப் பாத்திரம் எதில்தான் பெண்ணின் பேர் வெட்டாமல் கொடுப்பார்கள்? விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, கோமதி அம்மாள் என்று இருந்தது. அந்த அண்டா எதிர்வீட்டில், பத்தடி தூரத்தில் இருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினால் போதும்.

கோமதி மைனி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் அவள் சேலைத் தலைப்பு தெரிந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நாலு பிள்ளைகள் அவளுக்கு. ஐயா அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வர வேண்டும். இன்றைக்கு அண்டா அவளுடையது என்றால், அடுத்த வாரம் வசதியான குடும்பம் அவளாகிவிடுவாள்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அந்தச் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது. அந்த உதையும் ஒரு பக்கம் பேசுகிற மாதிரிதான் இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள்ளே ஒருத்தி கத்தினாள். அவள் கத்தியது நியாயம்தான். இன்றைக்கும் அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

"வித்துட்டேன்ய்யா" என்றேன்.

"எப்போது?"

"நேத்து. பேறுகாலச் செலவுக்கு."

"அப்படியானால் விற்பதற்கு இருந்திருக்கிறது இல்லையா?" என்றார் ஐயா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

கிணற்றுக்குள் போன அண்டா

அவர் தெருவில் இறங்கினாரோ இல்லையோ, கோமதி மைனி முற்றத்தைக் கடந்து வந்தாள்.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்களுக்கும் கெடைக்காது மைனி."

"அதக் கேட்டனா ஒன்ட்ட? ஒன்ன யாரு கேட்டா?" என்று கத்தினாள். கண் சிவந்திருந்தது. விருட்டென்று திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கிணற்றடியில் நான் வந்தால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கடன்பட்டவர்கள் சில பேர் அப்படித்தான், முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு அப்போது அது புரியவில்லை. இவளுக்காகவா சும்மா இருந்தோம் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் பாடம் படித்துவிட்டாள். ஐயா அவள் வீட்டுக்கு வருகிற அன்று காலையில், வளவுப் பெண்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் துடைப்பத்தை எடுத்தாள்.

"எவளாவது ஒரு சொம்பக் கொண்டுவந்தீங்க, கொண்டை அறுந்துரும்!"

அண்டாவுக்குத்தான் இடம் இல்லை. யார் வீட்டில் வைத்தாலும், ஐயா கண்ணில் பட்டால் அதிலுள்ள பேரைப் படித்துவிடுவார். கடைசியில் சுப்பையா அண்ணன் அதன் காதில் தாம்புக்கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். அது தண்ணீர் மொண்டு குடகுடவென்று சிரித்துக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது. அன்று முழுக்க ஒருவரும் தண்ணீர் இறைக்கவில்லை. இறைத்தால் வாளி மோதி டங்கென்று ஊரைக் கூட்டும்.

தலைப்பாகை ஐயா வந்தார். வெறுந்தரையில் பாயை விரித்தார்கள், மண்கலயத்தில் மோர் கொடுத்தார்கள். சுப்பையா அண்ணன் வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை. அவர்களுக்குப் பாதிக் குடக்கூலி கிடைத்தது.

வண்டி

எங்களுக்கு மாதம் முடிந்தது. அண்ணாச்சி முற்றத்தில் வந்து கனைத்தார். சீவலப்பேரியிலிருந்து மாமனார் வண்டியோடு வந்துவிட்டார். இவர் சாக்கைக் கட்டினார். இந்தத் தடவை கை ஓடவில்லை அவருக்கு. ஒரு முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்.

எனக்கு நாள் நெருங்கியிருந்தது. வண்டியில் வைக்கோல் பரப்பியிருந்தது. புதிய வைக்கோல். அந்த வாடை மூக்கில் ஏறியது. நடக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறும்மா, வெயிலுக்கு முந்திப் போயிருவோம்" என்றார் மாமனார்.

ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

வளவு வாசலில் கோமதி மைனி வந்து நின்றாள். இடுப்பில் கடைக்குட்டி. அத்தனை நாள் பேசாதவள், கத்தினாள்.

"ஏட்டி ஞானம், எறங்கு!"

"மைனி?"

"எறங்குன்னு சொல்லுதம்லா. வண்டில பிள்ள பெத்தது போதும்." என் மாமனாரைப் பார்த்து, "மாமா, மாட்ட அவுத்து விடுங்க. இவ எங்கயும் வரல" என்றாள்.

"எங்கம்மா இருப்பாவ?" என்று கேட்டார் அவர்.

"எங்க வீட்டுல. அடுப்படில நாங்க படுத்துக்கிடுதோம்."

சுப்பையா அண்ணன் பதறினார். "ஏளா, வீட்டுக்குள்ள வேற ஆளக் குடிவச்சா உதவிய நிப்பாட்டிருவாவ. சொல்லித்தான குடுத்திருக்காவ!"

"நிப்பாட்டட்டும்" என்றாள் மைனி. "அந்த உதவி யாரு வாய மூடிக்கிட்டதுனால வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஓர் அறை, ஓர் அடுப்படி. பெரியவர்கள் நாலு, பிள்ளைகள் நாலு. திரும்பிப் படுக்க இடம் கிடையாது. நடக்க இடமே கிடையாது. என் கால் முதல்முறையாகச் சும்மா கிடந்தது. ஒரு பகல் பொழுதில் வலி வந்தது. மைனியின் மூத்த மகள் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தாள். இரண்டு தெரு. நர்ஸம்மா திட்டிக்கொண்டே வந்தாள், திட்டிக்கொண்டே வேலை பார்த்தாள். சாயங்காலம் தேவாலய மணி அடிக்கிற நேரத்துக்கு என் மகன் பிறந்தான்.

அழுதான். வளவுக்கே கேட்கும்படி அழுதான். அவன் அழ அழ நான் சிரித்தேன்.

பிள்ளைக்கு இருபது நாள் இருக்கும். ஒருவரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் தலைப்பாகை ஐயா வந்து நின்றார். உதவி வாங்குகிற வீடுகளில் வேறு ஆள் குடியிருக்கிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறார். கிணற்றில் எதையும் இறக்க நேரமில்லை; என்னைத்தான் எங்கே ஒளிப்பது? நான் பிள்ளையும் கையுமாக நடுவீட்டில் கிடந்தேன். மாடத்தில் முருகன் படம். பக்கத்திலேயே எங்கள் வேதப்புத்தகம்.

ஐயாவுக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சேவகரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்! அன்றைய முறை அவருடையது. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"யார் இந்தம்மா?" என்றார் ஐயா.

அவருக்கு என்னைத் தெரியும். வேப்பமரத்தடியில் பார்த்த முகம் மறக்குமா? கோமதி மைனிக்கும் அது தெரியும். இருந்தும் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எங்கூடப் பொறந்தவய்யா. தங்கச்சி. பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பொம்பளப் பிள்ள அக்கா வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வந்தா அதக் குடிவைக்கிறதுன்னு சொல்லுவாவளா?"

ஐயா மாடத்தைப் பார்த்தார். "இவர்கள் வேதக்காரர்கள் அல்லவா?"

"எங்கம்மா ரெண்டு சாமியையும் கும்பிட்டாய்யா. அதுல நான் இங்கன, இவ அங்கன."

சுப்பையா அண்ணன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். என் மகன் வீறிட்டான். அவனை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஐயா மெதுவாகத் திரும்பி, குடை பிடித்து நின்றவரைப் பார்த்தார்.

"உன் பெண்டாட்டிக்கு இப்படி ஓர் அக்கா இருப்பதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே?"

தினமும் அவர் முன்னால் 'ஆமாங்கய்யா' ஒன்றைத் தவிர வேறு பேசியறியாத மனுஷர் என் வீட்டுக்காரர்.

"எனக்கே இப்பத்தான்ய்யா தெரியும்" என்றார்.

ஐயா ஒன்றும் எழுதாமல் படியிறங்கினார்.